சிறிய கொல்லையில் ஜூனிபர் மறைப்பு: வேலியோரம் இருபது செடி வைக்கலாமா?

கேள்வி, 9 பிப்ரவரி 2022

வீட்டுக்குப் பின்னால் ஆறு மீட்டர் ஆழம், ஒன்பது மீட்டர் அகலம், அவ்வளவுதான் இடம். பின்வீட்டு மாடி ஜன்னல் நாங்கள் உட்காரும் இடத்தை நேராகப் பார்க்கிறது. வேலியை ஒட்டி 45 செ.மீ. இடைவெளியில் ஸ்கைராக்கெட் ஜூனிபர் (ஒல்லியாக உயரும் ஊசியிலைச் செடி ரகம்) இருபது வரிசையாக வைக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு ஆண்டில் முழுவதும் மூடிவிடுமா? அகலம் கூடினால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் அல்லவா?

9 பிப்ரவரி 2022

இரண்டு ஆண்டில் மூடாது. அகலம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

வளர்ந்த ஜூனிபர் ஒன்றின் கிளைகளைக் கையால் விலக்கி உள்ளே பாருங்கள். வெளியே ஒரு சாண் தடிமனுக்குப் பச்சை இருக்கும். அதற்குள்ளே இலையே இல்லாத பழுப்புக் குச்சிகள்தான். அந்தக் குச்சிகளில் உறங்கும் மொட்டுகள் இல்லை. பச்சையைத் தாண்டி வெட்டினால் அந்த இடம் கடைசிவரை மொட்டையாகவே நிற்கும். டாக்ஸஸ் என்ற இன்னொரு ஊசியிலை வகைச் செடிகள் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ஜூனிபருக்கு அந்தக் குணம் கிடையாது. ஆகவே அகலத்தை நாற்றுப்பண்ணையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கத்தரிக்கோலை நம்பி அகலமான ரகத்தை வாங்கக் கூடாது. சிறிய இடத்தில் ஜூனிபர் வைப்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்.

வளர்ச்சி பற்றி: வேர் பிடித்த பிறகு ஸ்கைராக்கெட் ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 30 செ.மீ. உயரும். முதல் ஆண்டில் அதுவும் இருக்காது. 1.2 மீட்டர் செடி வாங்கினால் 2.5 மீட்டரைத் தொட ஐந்து ஆண்டாவது ஆகும்.

10 பிப்ரவரி 2022

இரவில் உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். இருபது செடி என்ற எண்ணிக்கையே உறுத்துகிறது. உங்களை உறுத்துவது ஒரே ஒரு ஜன்னல். அதற்கு ஒன்பது மீட்டர் வரிசை எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 4.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், ஜன்னல் வேலியிலிருந்து 8 மீட்டர் அப்பால் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நீங்கள் உட்காரும் பெஞ்சு வேலியிலிருந்து 5 மீட்டர் உள்ளே இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் தலை 1.2 மீட்டர் உயரத்தில். பார்வை நேர்கோட்டில் இறங்குகிறது. வேலியோரத்தில் அந்தக் கோடு ஏறக்குறைய 2.5 மீட்டர் உயரத்தில் கடக்கும். பெஞ்சுக்கு 2 மீட்டர் முன்னால் அதே கோடு வெறும் 1.7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும்.

வேலியோரத்தில் ஐந்து ஆண்டு காத்திருந்து கிடைக்கும் மறைப்பு, பெஞ்சுக்கு அருகில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் கிடைத்துவிடுகிறது. கொஞ்சம் பெரிய செடியாக வாங்கினால் நட்ட அன்றே.

அகலத்துக்கும் இதே கணக்குத்தான். ஒன்றரை மீட்டர் அகல ஜன்னலுக்கும் இரண்டு மீட்டர் நீளப் பெஞ்சுக்கும் இடையில், பெஞ்சுக்கு 2 மீட்டர் முன்னால் மறைக்க வேண்டிய அகலம் 1.9 மீட்டர்தான். ஒல்லியான ஜூனிபர் மூன்று போதும். இருபது வேண்டாம்.

ஒரு நீளமான குச்சியை ஒருவர் பிடித்து நிற்க, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவரை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் குச்சியின் நுனி ஜன்னலின் மேல் விளிம்பை எட்டுகிறதோ, அங்கே அந்த உயரச் செடி போதும். நான் பார்த்த சிறிய தோட்டங்களில் பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான் மறைப்பு இருக்கிறது. எல்லையில்தான் மறைப்பு வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

13 பிப்ரவரி 2022

வெயிலைக் கேட்க விட்டுவிட்டேன். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறதா? குறைந்தால் ஜூனிபர் வேண்டாம். சாகாது, ஆனால் கிளைகள் மெலிந்து, இடைவெளி விழுந்து, எதையும் மறைக்காத மறைப்பாகிவிடும். சிறிய கொல்லைகளில் வீட்டுச் சுவரும் வேலியும் சேர்ந்து பாதி நாளை விழுங்கிவிடுகின்றன. வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்தால் குளிர்காலத்தில் ஏமாற்றம்தான். சூரியன் தாழ்வாகப் போகும் மாதத்திலும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அடைப்பான பலகை வேலியை ஒட்டி வைத்தால், வேலிப் பக்கத்துப் பாதி இருட்டிலேயே இருந்து உதிர்ந்துபோகும். என் மேற்கு எல்லையில், முன்பு இருந்தவர்கள் வைத்த வரிசை அப்படித்தான் நிற்கிறது. முன்பக்கம் நீலமும் பச்சையுமாக அழகு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் தரையிலிருந்து தோள் உயரம் வரை வெறும் குச்சி. பின்பக்கத்தை நான் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா தினமும் பார்க்கிறார்.

20 பிப்ரவரி 2022

ரகங்கள். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிறிய இடத்துக்கு நான் முதலில் பார்ப்பது ப்ளூ ஆரோ. ராக்கி மலை ஜூனிபர் இனத்தைச் சேர்ந்தது. மூன்றரை முதல் நாலரை மீட்டர் உயரம், அறுபது செ.மீ. அளவில் அகலம். ஸ்கைராக்கெட்டுக்கு நெருங்கிய உறவு; ஆனால் அடிவரை பச்சை தங்குகிறது, கிளைகள் தண்டை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஸ்கைராக்கெட் ஆறு மீட்டர் வரை போகும், வயதாக ஆக நடுவில் சற்றுப் பிரியும். பழைய புத்தகங்களில் ஸ்கைராக்கெட் வர்ஜீனியா ஜூனிபரின் ரகமாக எழுதப்பட்டிருக்கும்; இப்போது அதை ராக்கி மலை இனத்தில்தான் சேர்க்கிறார்கள். பெயர்ப்பலகையில் எது எழுதியிருந்தாலும் செடி ஒன்றுதான்.

டெய்லர்: வர்ஜீனியா ஜூனிபர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டெய்லர் என்ற ஊரில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். நாலரை முதல் ஆறு மீட்டர், ஒரு மீட்டர் அகலம். கடுங்குளிர், காற்று, வறட்சி எல்லாவற்றையும் தாங்கும். குளிர்காலத்தில் இந்த இனத்தின் பச்சை மங்கிச் செம்பழுப்பாக மாறுவது இயல்பு. செடி செத்துவிட்டது என்று பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். வசந்தத்தில் நிறம் திரும்பிவிடும், பொறுத்திருங்கள்.

ஸ்பார்டன்: சீன ஜூனிபர். கரும்பச்சை, நாலரை மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மற்றவற்றைவிட வேகமாக வளரும், மேலோட்டமான கவாத்தையும் நன்றாகத் தாங்கும். இடம் சற்று இருந்தால் இதுதான் என் தேர்வு.

ஹைபர்னிகா என்ற ஐரிஷ் ஜூனிபர் பார்க்க அழகு. ஆனால் பல தண்டுகள் ஒன்றாக எழும்புவதால் பனிப்பாரத்தில் விரிந்துவிடும். விச்சிட்டா ப்ளூ, மூன்க்ளோ இரண்டும் நீல நிறத்துக்காக விற்கப்படுகின்றன. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம். ஆறு மீட்டர் ஆழக் கொல்லையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வரிசைக்குக் கொடுப்பீர்களா?

ஈரமும் புழுக்கமும் நிறைந்த கோடை உள்ள இடங்களில் ராக்கி மலை இனம் நோயில் விழும். அங்கே சீன ஜூனிபரும் வர்ஜீனியா ஜூனிபரும்தான் பாதுகாப்பு.

21 பிப்ரவரி 2022

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் இருக்கும் அளவு பெரும்பாலும் பத்தாவது ஆண்டின் அளவு. ஊசியிலை மரம் பத்தாம் ஆண்டில் நின்றுவிடுவதில்லை. பலகையில் 60 செ.மீ. என்றிருந்தால் நான் 90 என்று வைத்துக்கொண்டுதான் இடம் ஒதுக்குவேன். மேலே நான் கொடுத்த அகலங்களையும் அப்படியே வாசியுங்கள்.

இன்னொன்று: வாங்கும்முன் ஒரு கிளையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். சில ஜூனிபர்களில், குறிப்பாகச் சீன ஜூனிபர் வழிவந்த சிலவற்றில், பூனை மூத்திர வாடை அடிக்கும். பெஞ்சுக்கு இரண்டு மீட்டரில் வைக்கப் போகிற செடி அது. குத்தும் ஊசி இலையா, மழமழப்பான செதில் இலையா என்றும் தொட்டுப் பாருங்கள். இளஞ்செடியில் ஊசி இலை அதிகம், முதிரும்போது செதில் இலை கூடும். குழந்தைகள் ஓடி விளையாடும் வழி என்றால் இது முக்கியம். ஊசி உரசினால் சிலருக்குத் தோலில் தடிப்பு எழும். நான் முழுக்கைச் சட்டை இல்லாமல் இதன் பக்கம் போவதில்லை.

6 மார்ச் 2022

இடைவெளி. 45 செ.மீ. வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், காற்று. இரண்டு செடிகளின் பச்சை ஒன்றோடொன்று அமுங்கும் இடத்தில் வெயிலும் புகாது, மழை ஈரமும் காயாது. பூஞ்சை அங்கேதான் தொடங்கும். பிறகு அந்தப் பக்கம் காய்ந்து உதிரும். நடுவில் ஒரு செடி செத்தால் அந்த ஓட்டை அடையாது. இரு பக்கத்துச் செடிகளும் அந்தத் திசையில் மொட்டையாகத்தானே இருக்கும்!

ப்ளூ ஆரோ, ஸ்கைராக்கெட் இரண்டுக்கும் நடுத்தண்டிலிருந்து நடுத்தண்டுக்கு 75 முதல் 90 செ.மீ. ஸ்பார்டன், டெய்லர் என்றால் 1.2 மீட்டர். வேலியிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி நடுங்கள். வேலிக்கும் செடிக்கும் நடுவில் நீங்கள் பக்கவாட்டில் நுழைந்து போக முடிய வேண்டும். வேலிக்கு வண்ணம் அடிக்க, புழு பார்க்க, உதிர்ந்ததை வார.

மூன்று செடியை நேர்வரிசையில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு இடைவெளி மூடிவிடும், காற்றுக்குத் திறந்தே இருக்கும்.

காத்திருக்கும் ஆண்டுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மரச்சட்டத் தட்டி ஒன்றை நிறுத்தி, ஓராண்டுக் கொடி ஏற்றுங்கள். அல்லது உயரமான அலங்காரப் புல். தட்டி செடிக்கு வெயில் வரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. செடி எழும்பியதும் தட்டியைக் கழற்றிவிடலாம்.

3 ஏப்ரல் 2022

கேள்வி கேட்டவர் நடப் போகிறார். ஸ்பார்டன் மூன்று, பெஞ்சுக்கு முன்னால். ப்ளூ ஆரோ இரண்டு, வேலியோரத்தில். நல்லது.

தொட்டியிலிருந்து உருவியவுடன் குழியில் இறக்கிவிடாதீர்கள். வேர்ப்பந்தைத் தரையில் சாய்த்து வைத்துப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடிய வேர்கள், விரல் தடிமனில் ஒன்றிரண்டு இருக்கும். அடியில் வட்டமாகச் சுருண்டு கம்பளி போல் படிந்திருக்கும். அந்த அடிச்சுருளை அறுத்து எடுங்கள். பக்கங்களில் மேலிருந்து கீழாக நாலைந்து இடத்தில் கத்தியால் கீறுங்கள். மனம் வராது, ஆனாலும் கீறுங்கள். சுற்றிய வேர் மண்ணில் போனாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பல ஆண்டு கழித்துத் தண்டையே இறுக்கும். பெருங்காற்றில் வேரோடு சாய்ந்த ஜூனிபர் ஒன்றை நான் பார்த்தேன்: தொட்டியின் வடிவம் அப்படியே வேரில் இருந்தது.

பிறகு மேல்பக்கம் மண்ணைக் கையால் விலக்கி, தண்டு விரிந்து வேராகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நாற்றுப்பண்ணை மண்ணில் அது புதைந்திருப்பது சகஜம். அந்த விரிவு தரைமட்டத்தில் தெரிய வேண்டும். களிமண் என்றால் மூன்று நான்கு செ.மீ. மேலேயே இருக்கட்டும். குழி ஆழத்தில் வேர்ப்பந்து அளவுக்கு மேல் போகக் கூடாது. அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் எருவும் தழையும் நிரப்பினால் களிமண் நடுவே தண்ணீர் தேங்கும் கிண்ணம் ஒன்றைச் செய்துவைக்கிறீர்கள். ஜூனிபர் வறட்சியில் தாக்குப்பிடிக்கும். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் சாகும்.

மேலே மூடாக்கு ஐந்து முதல் எட்டு செ.மீ. தண்டைத் தொடாமல்.

4 ஏப்ரல் 2022

உரம் வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் இளந்துளிர் கொழுகொழுவென்று வரும். பூஞ்சைக்கு அதுதான் பிடிக்கும்.

12 ஜூன் 2022

“வறட்சி தாங்கும் செடி என்றீர்களே, வாரம் ஒருமுறை தண்ணீர் போதாதா?” என்று ஒருவர். வேர் பரவிய செடிக்குத்தான் அந்தப் பெயர். முதல் இரண்டு கோடையும் அது தொட்டிச்செடி மாதிரிதான்: வேர் முழுவதும் அந்தப் பந்துக்குள் இருக்கிறது. வேர்ப்பந்துக்குள்ளேயே விரலை விட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள மண்ணில் அல்ல. இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்காது. விரல் ஆழத்தில் காய்ந்திருந்தால் மெதுவாக, நீண்ட நேரம், அடியில் மட்டும். இலைமேல் தெளிக்கும் சுழல் குழாய் ஜூனிபருக்கு எதிரி.

செடி காய்ந்துபோனதை ஜூனிபர் தாமதமாகத்தான் காட்டும். வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். பழுப்பைக் கண்டு தண்ணீரை அதிகமாக்கிப் பயனில்லை. அதனால்தான் விரலைச் சொல்கிறேன், கண்ணை நம்பாதீர்கள்.

26 ஜூன் 2022

நுனிக்கருகல். படம் போட்டவருக்கு: பழுப்பாகியிருப்பது இந்த ஆண்டுத் துளிரா, போன ஆண்டுத் துளிரா? அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இந்த ஆண்டின் இளந்துளிர் வசந்த முடிவிலும் கோடையிலும் வெளுத்து, செம்பழுப்பாகி, சாம்பல் நிறமானால் போமோப்சிஸ் என்ற பூஞ்சை. போன ஆண்டு நுனிகள், புதுத்துளிர் வருவதற்கு முன்பே, குளிர்காலக் கடைசியில் பழுப்பானால் கபாட்டினா என்ற வேறொரு பூஞ்சை. இரண்டிலும் செத்த நுனிக்கும் உயிருள்ள கிளைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த வளையத்தின்மேல் மிளகுப்பொடி அளவில் கரும்புள்ளிகள் தெரியும். போமோப்சிஸுக்குப் புதுத்துளிர் வரும் நாட்களில் பூஞ்சைக்கொல்லி தெளித்தால் பலன் உண்டு, ஏனென்றால் அந்தப் பூஞ்சை முதிர்ந்த இலையைத் தொடுவதில்லை. கபாட்டினா காயம் வழியாகப் புகுவது. அதற்கு மருந்து தெளிப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது: செடி நன்றாக உலர்ந்திருக்கும் நாளில் கருகிய நுனியை வெட்டி எடுப்பது, வெட்டுக்கு வெட்டு கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடைப்பது.

நடு உள்ளே இருக்கும் பழைய இலைகள் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி உதிர்வது நோய் இல்லை. அதற்காக யாரும் மருந்து வாங்க வேண்டாம்.

20 நவம்பர் 2022

இப்போது போய்ப் பைப்புழு பாருங்கள். இந்தப் பருவத்தில்தான் வசதி.

கிளையிலிருந்து ஐந்து செ.மீ. நீளத்தில் ஏதோ தொங்கும். முதலில் ஜூனிபரின் காய் என்றுதான் நினைப்பீர்கள். கையில் எடுத்தால் தடித்த பட்டுத்துணி; அதன்மேல் ஜூனிபரின் செதில் இலைத் துணுக்குகளைப் புழு ஒவ்வொன்றாக ஒட்டிவைத்திருக்கிறது. பச்சையாக இருந்த துணுக்குகள் இப்போது பழுப்பேறியிருக்கும். கிளையோடு அதைக் கட்டியிருக்கும் பட்டு வளையம் அவ்வளவு உறுதி: இழுத்தால் பை வராது, கிளை முறியும். கத்தரியுங்கள், வளையத்தையும் சேர்த்து. விட்டுவைத்தால் அந்த வளையமே கிளையை இறுக்கிக் கொன்றுவிடும்.

பெண் அந்துப்பூச்சிக்கு இறகு கிடையாது. பைக்குள்ளேயே முட்டையிட்டுச் சாகிறது. ஒரு பையில் ஐந்நூறு முதல் ஆயிரம் முட்டை வரை இருக்கும். குளிர்காலத்தில் ஒரு பையை அறுத்தெடுத்து அழிப்பது அத்தனை புழுவையும் ஒரே வெட்டில் தடுப்பதற்குச் சமம். வசந்த முடிவில் பொரித்துவிட்டால், புழு சிறிதாக இருக்கும் சில வாரங்களுக்குள் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளிக்க வேண்டும். பெரிதான பிறகு எதுவும் எளிதில் வேலை செய்யாது. இலை முழுவதும் தின்னப்பட்ட ஜூனிபர் மீளாது. பழைய காரணம்தான்: வெறும் கட்டையில் மொட்டு இல்லை.

செடி நிறம் மங்கி, தூசி படிந்ததுபோல் தெரிந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் பேன். இது குளிர்ந்த பருவத்துப் பேன். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பெருகும், பழுப்பு கோடையில் தெரியும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். தண்ணீரை இலைமேல் தெளிக்காதே என்று ஜூனில் எழுதியவன் இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். பேன் கழுவுவதற்கு வெயில் ஏறும் காலை நேரத்தில் எப்போதாவது செய்வது வேறு, தினமும் மாலையில் நனைப்பது வேறு.

15 ஜனவரி 2023

பனி. ஒற்றைத்தண்டு ரகங்கள் நின்றுகொள்ளும். பல தண்டு உள்ளவற்றைக் குளிர் தொடங்கும்முன் மெல்லிய கயிற்றால் அடியிலிருந்து சுற்றிக்கொண்டே மேலே போய்க் கட்டுங்கள், இறுக்காமல். வசந்தத்தில் அவிழ்த்துவிடுங்கள். பனி விழுந்துவிட்டால் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தள்ளிவிடலாம். உறைந்த பனிக்கட்டியைத் தட்டி உடைக்காதீர்கள், கிளையும் சேர்ந்து போகும்.

29 ஏப்ரல் 2023

மழைக்குப் பிறகு ஜூனிபரில் ஆரஞ்சு நிறக் கூழ் தொங்குகிறது என்று பதறிப்போய் எழுதியவருக்கு: அது ஆப்பிள் துரு நோயின் பூஞ்சை. வர்ஜீனியா ஜூனிபரில் பழுப்பு உருண்டையாகக் குளிர்காலம் முழுவதும் சும்மா இருக்கும். வசந்த மழை பட்டதும் உருண்டையிலிருந்து வழவழப்பான ஆரஞ்சுக் கொம்புகள் நீளும். அங்கிருந்து கிளம்பும் வித்துகள் ஆப்பிள் இலையில் இறங்கி மஞ்சள் புள்ளியாகும். கோடைக் கடைசியில் ஆப்பிளிலிருந்து கிளம்பும் வித்துகள் மறுபடி ஜூனிபருக்கு வரும். ஜூனிபரிலிருந்து ஜூனிபருக்குப் பரவாது. இரண்டு மரமும் இருந்தால்தான் அதன் சுற்று முழுமையாகும். உங்கள் ஜூனிபருக்குப் பெரிய கேடு இல்லை. பாதிப்பு பக்கத்து வீட்டு ஆப்பிளுக்குத்தான்.

இதை அலட்சியமாகச் சொல்லவில்லை. இந்தப் பூஞ்சைக்காகவே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1914-இல் ஒரு சட்டம் போட்டது: ஆப்பிள் தோட்டத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் ஜூனிபர்களை வெட்ட உத்தரவிடலாம். வீட்டைச் சுற்றி அழகுக்காக வளர்த்தவர்களுக்கும் உத்தரவு போயிற்று. மில்லர் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1928-இல் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது: இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால், பொதுமக்களுக்கு அதிகப் பயன் தருவதைக் காப்பாற்ற அரசுக்கு உரிமை உண்டு என்றது. வெட்டும் செலவுக்கு ஒரு தொகை கிடைத்தது. மரத்துக்கு ஈடு கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரத்தை இழந்தவர்மேல் இரக்கம் வருகிறது. அதே நேரம், நான் மறைப்புக்காக வைக்கும் செடி அடுத்தவருடைய பழத்தைக் கெடுக்கக் கூடாது என்பதும் எனக்கு முக்கியம். நடும்முன் எட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் ஸ்பார்டன் போன்ற சீன ஜூனிபர் வையுங்கள். ஆப்பிள் துரு அதில் அரிது. பேரி மரம் இருந்தால் நிலைமை வேறு: பேரித் துருவுக்குச் சீன ஜூனிபரும் தங்குமிடம்தான்.

2 மே 2023

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, “ஆரஞ்சு உருண்டையைப் பிடுங்கினால் போதுமா” என்று ஒருவர் கேட்கிறார். மழைக்கு முன், பழுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சிறிய செடியில் முடியும். ஆனால் வித்துகள் காற்றில் பல கிலோமீட்டர் போகக்கூடியவை. உங்கள் செடியைச் சுத்தம் செய்துவிட்டால் பக்கத்து ஆப்பிள் தப்பிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

மகரந்தம் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. பெரும்பாலான ஜூனிபர்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நீலக்காய் காய்த்திருந்தால் பெண். மகரந்தத் தொல்லை இல்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் காயோடு நிற்கும் செடியாகப் பார்த்து வாங்கட்டும்.

18 ஜூன் 2023

காட்டுத்தீ அச்சம் உள்ள பகுதிகளில் இருப்பவர்கள் இந்த இழையில் மேலே உள்ளதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். ஜூனிபரில் எண்ணெயும் பிசினும் அதிகம். உள்ளே காய்ந்த இலைக்குப்பை வேறு. தீப்பொறி விழுந்தால் நொடியில் பற்றி எரியும். வீட்டுச் சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டருக்குள் எரியும் பொருள் எதுவும் கூடாது என்பது தீத்தடுப்புத் துறைகளின் பொதுவான அறிவுரை. ஜன்னலுக்கு அடியில் ஜூனிபர் வைப்பது அங்கே ஆபத்து. சிறிய கொல்லையில் அந்த இடத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை என்றால், அகன்ற இலைச் செடி வகைக்குப் போய்விடுங்கள். மறைப்பைவிட வீடு பெரிது.

10 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவரிடமிருந்து படம் வந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்தது. ஸ்பார்டன் மூன்றும் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டன. வேலியோரத்து ப்ளூ ஆரோ இரண்டும் இன்னும் வேலியைத் தாண்டவில்லை. இருபது செடியாக வைத்திருந்தால் எல்லாமே இந்த உயரத்தில்தான் நின்றிருக்கும்.

முன்பு நான் ஒரே ரகமாக ஒரு வரிசை வைப்பதையே விரும்பியவன், ஒழுங்காக இருக்கும் என்பதற்காக. இப்போது இரண்டு இனம் கலந்து வைப்பதைத்தான் சொல்வேன். நுனிக்கருகலோ பேனோ வந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியில் சாய்க்காது. சிறிய கொல்லையில் வேறு வேறு பச்சை நின்றால் இடம் ஆழமாகவும் தெரிகிறது.

24 மார்ச் 2024

“உச்சியை 2.5 மீட்டரில் நிறுத்த முடியுமா? பின்வீட்டுக்காரர் வெளிச்சம் போய்விடும் என்கிறார்.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்றே 2003-இல் சட்டம் வந்தது: இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமைமாறா வேலி பக்கத்து வீட்டின் வெளிச்சத்தைத் தடுத்தால் உள்ளாட்சியிடம் முறையிடலாம். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நடும்முன்பே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. உங்களுக்கு வேண்டியது பார்வையை மறைப்பது; அவருடைய வெயிலை எடுத்துக்கொள்வது அல்ல.

உச்சியை நிறுத்த முடியும், தண்டு பென்சில் தடிமனுக்குள் இருக்கும்போதே தொடங்கினால். வசந்தத்தில் புதுத்துளிர் எழும்முன், நடுத்தண்டை ஒரு பச்சைப் பக்கக்கிளைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை நிமிர்ந்து தண்டாகப் பார்க்கும். அடுத்த வசந்தத்தில் அதையும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டே போனால் உயரம் நிற்கும். வளரவிட்டு, மணிக்கட்டுத் தடிமன் ஆன பிறகு நறுக்கினால் தலையில்லாத கட்டைதான் நிற்கும்.

உங்கள் நடு ஸ்பார்டனில் இரண்டு உச்சி போட்டியிடுவது படத்தில் தெரிகிறது. மெலிந்ததை இப்போதே அடியோடு எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பச்சைக்குள்ளேயே, ஒவ்வொரு கிளையாக, கைக்கத்தரியால். மின்சாரக் கத்தரி வேண்டாம்: அது வெளிப்புறத்தைத் தட்டையாக மழித்து, வெளிச்சம் உள்ளே போகும் வழியையும் அடைத்துவிடும். அடிப்பகுதி உச்சியைவிடச் சற்று அகலமாக இருக்கும்படி விடுங்கள். கீழ்க்கிளைக்கும் வெயில் படும். வேலியோரத்து இரண்டையும் இந்த ஆண்டு தொட வேண்டாம்.